குணலட்சுமி மிசியின் காரில் வந்த சத்தம்

குணலட்சுமி மிசியை ஊரில் ஒருவருக்கும் பிடிக்காது. மிசிக்கும் ஊரில் ஒருவரையும் பிடிக்காது என்பதால் இதில் யாருக்கும் மனக்குறை இருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில், மானிப்பாய்க்கு மேற்கே நாலைந்து ஊர்களில் முப்பது வருடமாகப் பிள்ளைப்பேறு பார்த்தவர். கடதாசியில் அவருக்குப் பெயர் மருத்துவமாது. வாயால் எல்லாரும் சொன்னது மிசி என்றுதான். வலியில் கத்துகிறவளைப் பார்த்து, "கத்துற மூச்சை முக்கிறதுக்கு வைச்சிரு" என்று அதட்டுவார். பிள்ளை விழுந்து, கொடியை வெட்டிக் கட்டி, கையைக் கழுவியதும் புறப்பட்டுவிடுவார். தேத்தண்ணி நீட்டினால், "உதைக் குடிச்சால் உங்களைப் பற்றி நல்லதாக் கதைக்க வேண்டி வரும்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

மிசிக்குச் சொந்தப் பிள்ளை இல்லை. ஏன் இல்லை என்று கேட்டவர்கள் இரண்டாம் முறை கேட்டதில்லை. புருசன் நடராசா தபால் கந்தோரில் வேலை பார்த்தவர், எண்பத்தாறில் மாரடைப்பில் போய்விட்டார். அவருக்குக் கொள்ளி வைத்தது அவருடைய அண்ணன் அருளம்பலத்தின் மகன் தியாகராசா. நாளைக்கு மிசி கண்ணை மூடினாலும் அவன்தான் வைக்க வேண்டும். அது எழுதாத உடன்படிக்கை. அருளம்பலம் அந்த ஒரு கொள்ளியைக் காட்டியே ஆறு வருடமாக மிசியின் வளவுக்குள் வந்து தேங்காய் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

நடராசா விட்டுப்போனதில் மிசி மதித்த ஒரே பொருள் கார். "ஏ போட்டி" என்று சொல்வார்களே, அந்தச் சின்ன இங்கிலீசுக் கார். மிசி வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கப்பலில் வந்தது. கீரிமலைக்குப் போகும் வெறும் றோட்டில் நடராசாதான் அவருக்கு ஓடப் பழக்கினார். "கியரைக் கையாலை மாத்தாதை, காதாலை மாத்து" என்பார். "காதாலை மாத்தினால் கையை எங்கை வைக்கிறது?" என்று மிசி எரிந்து விழுவார். ஆனால் மனுசன் சொன்னதை மறக்கவில்லை.

தொண்ணூற்றிரண்டில் ஊருக்குள் ஓடிக்கொண்டிருந்தது அந்த ஒரு கார்தான். சண்டையும் பொருளாதாரத் தடையும் சேர்ந்து பெற்றோல் மருந்துக்கும் இல்லாத காலம். மிசி தன் ஊசிக் குழாயால் ஐந்து சி.சி. பெற்றோலை அளந்து காபரேற்றருக்குள் விடுவார். எஞ்சின் பிடித்துச் சூடானதும் மண்ணெண்ணெய்க் குழாயை மாற்றிக் கொழுவுவார். மாற்றுகிற அவசரத்தில் கொஞ்சம் சிந்தும், அதை யார் பார்த்தது? மிசியின் வேலைக்கென்று ஊர் நிர்வாகம் பார்க்கிற விதானையார் நமசிவாயம் மாதாமாதம் மண்ணெண்ணெய்க்குத் துண்டு எழுதிக் கொடுப்பார். கியர்ப்பெட்டி எண்ணெய் கடைகளில் கண்ணில் பட்டு இரண்டு வருடமாகியிருந்தது. போன வருடம் மிசி ஆமணக்கங்கொட்டை கொடுத்து மூன்று போத்தல் எண்ணெய் ஆட்டுவித்து, காருக்கடியில் தானே படுத்துப் பழைய எண்ணெயை முழுக்க இறக்கிவிட்டு, அந்த ஆமணக்கெண்ணெயை ஊற்றியிருந்தார். ஒருவருக்கும் சொல்லவில்லை. பிள்ளையின் வயிறு கழுவக் கொடுக்கிற எண்ணெயைக் காருக்குப் பருக்குகிறாள் என்று ஊர் கதை கட்டும் என்று அவருக்குத் தெரியும்.

ஆடி மாதம் சத்தம் வந்தது. முதலாம் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றிக் கிளச்சை விடும்போது அடியில் எங்கேயோ 'டொக்' என்றது. பூட்டிய கதவை உள்ளேயிருந்து யாரோ முழங்கையால் இடிப்பது போல ஒரு சத்தம். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போனாலும் 'டொக்'. ஒரு கிழமைக்குள் அந்த 'டொக்' ஒழுங்கை முழுக்கக் கேட்கிற அளவுக்கு வளர்ந்தது.

கேட்க வேண்டியவருக்கும் கேட்டது. அருளம்பலத்துக்கு ஒரு மா மில் இருந்தது. கரண்ட் நின்ற நாளிலிருந்து மில்லும் நின்று, உள்ளே எலி குடும்பம் நடத்தியது. மண்ணெண்ணெயில் ஓடுகிற ஒரு கார் எஞ்சின் கிடைத்தால் மில்லை ஓட்டலாம். ஊரில் அப்படி இருந்ததோ ஒரே ஒரு எஞ்சின். ஓடுகிற காரிலிருந்து எஞ்சினைக் கழற்று என்று கேட்க அவருக்கும் வாய் வராது. கியர்ப்பெட்டி செத்த கார் என்றால் கேட்கலாம். கியர் செத்தால் எஞ்சின் நல்லதாயிருந்தும் கார் ஓடாது அல்லவா? மனுசன் தம்பி செத்தபோதுகூட அவ்வளவு உருக்கமாக முகத்தை வைத்திருக்கவில்லை, விதானையாரையும் கூட்டிக்கொண்டு மிசியின் வாசல் படலையடிக்கு வந்தார்.

"கியர்ப்பெட்டி போயிட்டுது, குணம். அந்தச் சத்தம் ஊருக்கே கேக்குது. ஓடாத காருக்கு ஏன் மண்ணெண்ணெய்த் துண்டு? எஞ்சினை மில்லுக்குத் தாரும். நாலு சனம் மா திரிச்சுத் தின்னட்டும்."

"கியர்ப்பெட்டிக்கு ஒண்டுமில்லை, அத்தான். கியரிலை கை வைக்காமலே சத்தம் வருது. ஒரே கியரிலை ஓடேக்கை அக்சிலேற்றரை அமத்தி விட்டாலும் அதே 'டொக்'தான். கியர் மாத்தேக்கை வாறதாலை கியரிலையிருந்து வருதெண்டில்லை."

அருளம்பலம் விதானையாரைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தீங்களே? பிள்ளை பெத்தவளின்ரை முனகல் கேட்ட காதாலை எஞ்சின் பாக்கிறா. தம்பி இருந்திருந்தால் இந்தக் காரிலை பொம்பிளைக் கை பட விட்டிருப்பானே!"

மிசிக்குத் தலைக்குள் கொதித்தது. நடராசாவின் பெயரை இந்த வாயால் கேட்பது அவருக்கு ஒருநாளும் ஒத்துவராது. கோபம் வந்தால் மிசி கத்தமாட்டார், குரலைத் தாழ்த்திக் கதைப்பார். அதுதான் பயம்.

"விதானையார், நீங்கள் சாட்சி. காரைக் கதிரவேலுவின்ரை கராச்சிலை விடுறன். கியர்ப்பெட்டியைத் திறந்து பாக்கட்டும். உள்ளுக்கை ஒரு பல்லு உடைஞ்சிருந்தாலும் எஞ்சினை இவர் கழட்டிக்கொண்டு போகட்டும். உடையாட்டி, இவரும் இவரின்ரை குடும்பமும் என்ரை நன்மை தின்மைக்கு வரப்படாது. என்ரை செத்தவீட்டுக்கும் வரப்படாது."

விதானையார் குறுக்கே வந்தார். "மிசி, செத்தவீடெல்லாம் ஏன் இழுக்கிறியள்? கொள்ளி..."

"கொள்ளியையும் சேர்த்துத்தான் சொல்லுறன்."

அருளம்பலம் உடனே சம்மதித்தார். மிசி அந்த அவசரத்தைக் கவனித்திருக்க வேண்டும். கோபத்தில் கவனிக்கவில்லை.

கதிரவேலுவின் கராச் சண்டிலிப்பாய்ப் பக்கம், ஒரு புளியமரத்தின் கீழ் தென்னோலைக் கிடுகு வேய்ந்த கொட்டில். சுற்றிவர, ஓடி முடித்த லொறிகளும் கார்களும் எலும்பு தெரியக் கிடந்தன. கதிரவேலு வேலை தெரிந்தவன்தான். அவனுடைய மூன்று பிள்ளைகளையும் மிசிதான் பிடித்தார். மூன்றாவது பிள்ளைக்குக் கால்தான் முதலில் வந்தது. அதற்கு மிசி பட்ட பாட்டைக் கதிரவேலு கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அதனால்தான் மிசி வேறு ஆளைத் தேடவில்லை. ஊரில் நம்புவதற்கு ஒருவன் இருக்கிறான் என்று நினைத்தாரே, முப்பது வருடத்தில் மிசி செய்த பெரிய மடைத்தனம் அதுதான்.

"மூண்டு நாள் விடுங்கோ, மிசி" என்றான் கதிரவேலு. மிசியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

இரண்டாம் நாள் விடிய ஒரு வீட்டிலிருந்து சைக்கிளில் ஆள் வந்தது. மிசி சைக்கிள் கரியரில் ஏறமாட்டார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு மைல் நடந்தார். ஐம்பத்தாறு வயது, வலது முழங்கால் மடங்க மறுத்தது. பேறு சுகமாக முடிந்தது. திரும்பி நடக்கும்போதுதான் பயம் பிடித்தது. நாளைக்கு ஒருத்திக்குப் பிள்ளை குறுக்கே கிடந்தால், மானிப்பாய் ஆசுப்பத்திரிக்கு எதில் ஏற்றுவது? மாட்டு வண்டிலிலா? கார் இருந்தபடியால் தப்பின தாய்மாரை அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். இரண்டு கை விரலும் போதவில்லை. அந்தக் காரை ஒரு கோபத்தில் பந்தயம் வைத்துவிட்டு வந்திருக்கிறார்! காது பிழை விட்டிருந்தால்? நடராசா சொன்ன காது, வயதோடு மந்தமாகியிருந்தால்? மிசி வேலியோரம் பெட்டியை வைத்துவிட்டு நின்று தன்னைத் தானே ஏசினார். கெட்ட வார்த்தையில்தான் ஏசினார், கேட்க அங்கே ஒருவரும் இல்லை.

மூன்றாம் நாள் கராச்சுக்குப் போனபோது அருளம்பலமும் விதானையாரும் முன்பே வந்து வாங்கில் இருந்தார்கள். அருளம்பலம் எஞ்சின் தூக்குவதற்குச் சங்கிலியும் கொண்டுவந்திருந்தார். காரின் பொனற் திறந்து கிடந்தது. கதிரவேலு ஒரு சாக்குத் துண்டின் மேல் வைத்திருந்த பல்லுச் சில்லைக் காட்டினான். உள்ளங்கை அகலம். இரண்டு பல் அடியோடு போயிருந்தது.

"கியர்ப்பெட்டிக்குள்ளை இருந்தது, மிசி. இரண்டாம் கியர்ச் சில்லு. இனி இதுக்குச் சாமான் எடுக்கேலாது."

"பேச்சுப் பேச்சுத்தானே, குணம்?" என்றார் அருளம்பலம். "கார்த் திறப்பைத் தாரும்."

சொன்ன சொல்லை விழுங்குகிற பழக்கம் மிசிக்கு இல்லை. அந்தப் பெருமைதான் இப்போது கழுத்தைப் பிடித்தது. திறப்பை மடியிலிருந்து எடுத்துவிட்டார். கொடுக்கும் முன், தன்னைத் தோற்கடித்த சாமானை ஒருதரம் கையில் எடுத்துப் பார்த்தார். பாரமாக இருந்தது. விரலில் கறுப்பு எண்ணெய் ஒட்டியது. துடைப்பதற்காகச் சேலைத் தலைப்பை எடுத்தபோது மூக்கில் மணம் ஏறியது.

அழுகின முட்டையும் வெடிமருந்தும் சேர்ந்த நாற்றம். மிசி விரலை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் இன்னொருதரம் முகர்ந்தார். மறக்கக்கூடிய மணமில்லை. இரண்டு வருடத்துக்கு முந்தி, கடையில் தகரத்தில் விற்ற அசல் கியர்ப்பெட்டி எண்ணெய்.

மிசி திறப்பைத் திரும்ப மடியில் செருகினார்.

"கதிரவேலு, இது என்ரை காருக்குள்ளை இருந்தது?"

"ஓம், மிசி."

"உன்ரை கையாலை கழட்டினனீ?"

"ஓம்."

"அப்ப என்ரை கியர்ப்பெட்டிக்குள்ளை என்ன எண்ணெய் இருந்தது எண்டு விதானையாருக்குச் சொல்லு பாப்பம்."

கதிரவேலு விழித்தான். கியர்ப்பெட்டிக்குள் என்ன எண்ணெய் இருக்கும்? "கியர் எண்ணெய்தான்... பழசு" என்றான்.

"விதானையார், இஞ்சை வாங்கோ. உந்தச் சில்லை மணந்து பாருங்கோ. பிறகு அவனைக் காருக்கடியிலை விட்டு, கியர்ப்பெட்டியின்ரை அடி நட்டைக் கழட்டச் சொல்லுங்கோ. எண்ணெய் வாற நட்டு. அது எங்கையிருக்கெண்டு தெரியாட்டி நான் காட்டுறன். நான் கழட்டினனான்."

"உந்த விளையாட்டு என்னத்துக்கு?" என்று அருளம்பலம் எழும்பினார். "சில்லு கண்ணுக்கு முன்னாலை கிடக்குது..."

"இரும், அருளம்பலம்" என்றார் விதானையார். அவர் ஏற்கெனவே சில்லை மணந்து முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார்.

கதிரவேலு காருக்கடியில் போனான். ஊர்ந்து ஊர்ந்து போன விதத்திலேயே விசயம் தெரிந்தது. நட்டில் மண் அப்பிக் காய்ந்திருந்தது, ஒரு வருடமாக அதை ஒருவரும் தொடவில்லை. நட்டைக் கழற்றியதும் கீழே வைத்த இரும்புத் தாச்சிக்குள் எண்ணெய் இறங்கியது. கறுப்பு இல்லை. கொஞ்சம் மங்கிய பொன் நிறத்தில், தேன் மாதிரி மெல்ல மெல்ல இறங்கியது. விதானையார் குனிந்து விரலில் தொட்டார்.

"இது... ஆமணக்கெண்ணெய் எல்லோ!"

"ஓம். பிள்ளையளுக்குப் பருக்கிற எண்ணெய். மூண்டு போத்தல். நான் ஊத்தினது" என்றார் மிசி. "ஊருக்குச் சொல்லுங்கோ, எனக்கென்ன."

மேல் மூடியையும் திறக்கவைத்தார். ஒரு சில்லும் குறையாமல் உள்ளே இருந்தது. மிசி ஒவ்வொரு பல்லாக விரலால் தடவிப் பார்த்தார், பிறந்த பிள்ளையின் விரலை எண்ணுவது போல. ஒரு பல்லும் உடையவில்லை. பிறகுதான் கதிரவேலுவின் பக்கம் திரும்பினார்.

"என்ன தாறனெண்டவர்?"

கதிரவேலு நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "எஞ்சின் அவருக்கு. கார்ச் சில்லும் அச்சும் எனக்கு. உந்த உடைஞ்சது வெளியிலை கிடக்கிற பழங்காரிலை கழட்டினது. வண்டில் செய்யலாமெண்டு..."

"உன்ரை கடைசிப் பிள்ளை கால் முன்னுக்கு வந்து நீலம் பாரிச்சுக் கிடந்தது. வாயை வைச்சு ஊதினனான். அப்ப நீ கதவுக்கு வெளியிலை நிண்டு என்ன சொன்னனீ? செத்தாலும் மறக்கமாட்டனெண்டனீ. நீ இன்னும் சாகேல்லை, கதிரவேலு."

கதிரவேலு அழுதான். மிசிக்கு இரக்கம் வரவில்லை. வரவேண்டும் என்றும் அவர் நினைக்கவில்லை. "அழுறதை நிப்பாட்டிப்போட்டு மூடியைப் பூட்டு. எண்ணெயை வேட்டித் துணியிலை வடிச்சுத் திரும்ப ஊத்து. ஒரு துளி சிந்தினாலும் உன்னைக்கொண்டுதான் ஆமணக்கங்கொட்டை பொறுக்குவிப்பன்."

எல்லாம் முடியும்வரை அருளம்பலம் வாங்கில் உட்கார்ந்து பல்லைக் கடித்தார். கடைசியில் கேட்டார். "சரி, கியரிலை இல்லை. அப்ப சத்தம் எங்கையிருந்து வருதாம், பெரிய இஞ்சினியர் அம்மா?"

கேள்வி நியாயமானது. மிசிக்கும் அதற்குப் பதில் தெரியாது. பெட்டியைத் திறந்து, தாயின் வயிற்றில் வைத்துப் பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்கிற மரக்குழலை எடுத்தார். ஐந்து சி.சி. பெற்றோல் விட்டு எஞ்சினைப் பிடிக்கவைத்தார். பொனற்றுக்குள் குனிந்து, அக்சிலேற்றர்க் கம்பியைக் கையால் இழுத்து விட்டார். எஞ்சின் ஒருதரம் குலுங்கி அடங்கியது. 'டொக்'. கியர் ஒன்றிலும் இல்லாமல், கார் ஓரடி நகராமல், அதே சத்தம்.

மிசி குழலைக் கியர்ப்பெட்டியோரம் வைத்து மறு காதைப் பொத்திக்கொண்டு கேட்டார். தூரத்தில் கேட்டது. எஞ்சினின் வலப்பக்கம் வைத்தார். அங்கும் தூரம். இடப்பக்கம், காபரேற்றருக்குக் கீழே, எஞ்சின் கால் ஊன்றி நிற்கிற இடத்தில் வைத்தார். காதுக்குள் அடித்தது போல விழுந்தது. குனிந்து விரலால் அமத்தினார். எஞ்சினைத் தாங்குகிற றப்பர்க் கட்டை, தண்ணீரில் நனைந்த பாண் துண்டைப் போலப் பிய்ந்து விரலோடு வந்தது. அது தாங்காததால், எஞ்சின் குலுங்கும்போதெல்லாம் இரும்பு இரும்பில் இடித்தது. கியர் மாற்றும்போது எஞ்சின் குலுங்கத்தானே செய்யும்?

விரலை முகர்ந்தார். மண்ணெண்ணெய். ஒவ்வொரு நாள் காலமையும் குழாய் மாற்றும்போது தான் சிந்திய மண்ணெண்ணெய், சொட்டுச் சொட்டாக வடிந்து றப்பரைத் தின்றிருக்கிறது. தன் கைப்பிழை. மிசி அதை ஒளிக்கவில்லை, உரக்கவே சொன்னார்.

அருளம்பலத்துக்கு உயிர் வந்தது. "ஊர் விளக்கில்லாமல் இருட்டிலை கிடக்குது. இவ மண்ணெண்ணெயை ஊத்தி விளையாடியிருக்கிறா!"

"பிழைதான். அதுக்கு ஊர் என்னை ஏசட்டும். நீங்கள் ஏசாதையுங்கோ" என்றார் மிசி. "கதிரவேலு, அந்த லொறி ரயரிலை ஒரு துண்டு வெட்டு. இரண்டு மடிப்பாய்ப் போடு."

ரயர்த் துண்டைச் செதுக்கி, துளை போட்டு, பூட்டி முடிக்கப் பின்னேரமாயிற்று. மிசி கதிரையில் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை, கதிரவேலு கொடுத்த தேத்தண்ணியையும் தொடவில்லை. பிறகு காரை எடுத்து, கராச் வாசலிலிருந்து சந்திவரை ஓடித் திரும்பினார். முதலாம் கியர், இரண்டாம் கியர், மூன்றாம் கியர். சத்தம் இல்லை.

அந்த அமைதி அருளம்பலத்துக்குப் பொறுக்கவில்லை. வாசலில் கார் மெதுவாகும்போது வந்து யன்னலில் கையை ஊன்றினார். மரியாதை எல்லாம் போய்விட்டது. "பேச்சுப் பேச்சுத்தான். உன்ரை செத்தவீட்டுக்கு நாங்கள் வரமாட்டம். வரவே மாட்டம். உனக்குக் கொள்ளி வைக்க ஆரடி இருக்கினம்? மலடிப் பிணத்தை நாய்தான் இழுக்கும்!"

விதானையார், "அருளம்பலம்!" என்று கத்தினார்.

மிசிக்கு அது சுட்டது. முப்பது வருடமாக ஊர் முதுகுக்குப் பின்னால் சொன்ன சொல்லை ஒருவன் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறான். பிறேக்கை அமத்திக் காரை நிறுத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"இந்த நாலு ஊரிலையும் என்ரை கையிலை விழுந்த ஆம்பிளைப் பிள்ளையள் அறுநூறுக்கு மேலை. உங்கடை தியாகராசாவும் அதிலை ஒருத்தன். கையை எடுங்கோ, அத்தான். இப்ப ஊரிலை நெருப்புப்பெட்டிக்குத்தான் தட்டுப்பாடு. ஆம்பிளைப் பிள்ளைக்கு இல்லை."

அருளம்பலத்தின் கை யன்னலை விட்டுத் தானாக இறங்கியது. மிசி காரை எடுத்தார். முதலாம் கியர், இரண்டாம் கியர். கார் சந்தியில் திரும்பும்வரை கராச் வாசலில் நின்ற மூன்று பேருக்கும் ஒரு 'டொக்'கும் கேட்கவில்லை.